‘ரெடி கேஷ் பார்ட்டி’ என்றால் யார்? சேலத்தில் காலி மனையை நேரடியாக விற்க நினைப்பவர்களுக்கு

"சார், அயோத்தியாப்பட்டணத்துல உங்க சைட்டு இன்னும் இருக்குதுங்களா? ரெடி கேஷ் பார்ட்டி ஒண்ணு கையில இருக்குது. சரின்னு சொன்னீங்கன்னா அடுத்த வாரமே முடிச்சிடலாம்."

சேலத்தைச் சுற்றி ஐந்து சென்ட் காலி இடம் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் இப்படி ஒரு போன் ஒரு தடவையாவது வந்திருக்கும். அம்மா பெயரில் இருந்த மனையை விற்க நாங்கள் அலைந்த காலத்தில் எனக்கும் வந்தது. ‘ரெடி கேஷ்’ என்றதும் மஞ்சள் பையில் கட்டுக்கட்டாக நோட்டு கொண்டுவருவார் போல என்று அம்மா நினைத்துவிட்டார். தப்பு அவர் மேல் இல்லை, அந்த வார்த்தையே அப்படித்தான் கேட்கிறது.

ரொக்கத்துக்கு வாங்குபவர் என்றால் விஷயம் இவ்வளவுதான்: வாங்குவதற்கு அவர் வங்கிக் கடனை நம்பியிருக்கவில்லை. வேறொரு சொத்தை விற்றுத்தான் இதை வாங்க வேண்டும் என்ற நிலையிலும் இல்லை. பணம் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது, உங்கள் காகிதம் சரியாக இருந்தால் பத்திரப்பதிவுதான் பாக்கி. அந்தப் பணம் ஆர்டிஜிஎஸ்ஸில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு நேராக வரலாம், டிடியாக, அதாவது வங்கி வரைவோலையாக வரலாம். நோட்டாக வர வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. சொல்லப்போனால் நோட்டாக வரவே கூடாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

வீடு விற்பவரைவிட காலி மனை விற்பவருக்குத்தான் இந்த ஆள் அதிகம் தேவைப்படுகிறார். கட்டிய வீட்டுக்கு வங்கிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுக்கும். வெறும் மண்ணுக்கு அப்படி இல்லை. டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா, வக்கீல் ஒப்பீனியன் சரியாக வந்ததா, மதிப்பீட்டாளர் போட்ட விலை என்ன என்று வரிசையாகக் கேட்பார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் விலையில் ஒரு பகுதிதான் கடனாகக் கிடைக்கும். விவசாய நிலம் என்றால் சாதாரண வீட்டுக் கடன் பிரிவு திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் இடம் பிடித்துப்போய், விலையும் பேசிவிட்டு, "ஆத்தூர் தோட்டம் வித்ததும் வந்துடறேன்", "பையன் துபாயில இருந்து அனுப்பணும்", "சீட்டு எடுத்ததும் முடிச்சிடலாம்" என்று சொல்லிப் போனவர்கள் ஆறு மாதமாகப் போனை எடுப்பதில்லை. ரொக்கக்காரர் இந்தக் காத்திருப்பை இல்லாமல் செய்கிறார். அதற்குக் கூலியாக விலையில் குறைத்துக் கேட்கிறார். அவர் உங்களுக்கு விற்பது நேரம். அந்த நேரம் உங்களுக்கு எவ்வளவு பெறும் என்று தெரியாமல் பேச உட்கார்ந்தால் அவர் சொன்னதுதான் விலை.

சரி, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு மட்டும். 2,400 சதுர அடி மனை, அதாவது ஐந்தரை சென்ட். பொறுமையாக இருந்தால் சதுர அடி ஆயிரம் ரூபாய், மொத்தம் 24 லட்சம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ரொக்கக்காரர் 21 லட்சம் என்கிறார். மூன்று லட்சம் நஷ்டம் என்று பட்டென்று தோன்றும். ஆனால் 24 லட்சத்துக்கு ஆள் வர எட்டு மாதம் ஆகும் என்றால்? உங்களுக்கு 5 லட்சம் கடன் இருக்கிறது, இரண்டு வட்டி, மாதம் பத்தாயிரம். எட்டு மாதத்துக்கு 80,000. தரகர் மூலம் விற்றால் 2 சதவீதம் கமிஷன் என்று வையுங்கள், 48,000. கடனை அடைத்ததுபோக மீதம் 16 லட்சத்தை 7 சதவீத டெபாசிட்டில் போட்டிருந்தால் எட்டு மாதத்தில் சுமார் 75,000 வந்திருக்கும். மூன்றையும் கூட்டினால் 2 லட்சத்து 3 ஆயிரம். ஆக, எட்டு மாதம் கழித்து வரும் 24 லட்சம், இன்று கையில் வரும் 22 லட்சத்துக்குச் சமம். அவர் 22 கொடுத்தால் யோசிக்காமல் கொடுக்கலாம். 21 என்று பிடிவாதமாக நின்றால், அவசரம் இல்லாதவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

கடனும் இல்லை, செலவும் இல்லை, தரகரும் வேண்டாம், மனை பாட்டுக்குக் கிடக்கட்டும் என்றால் இந்தக் கணக்கே மாறிவிடும். மகள் கல்யாணம் தை மாதம் என்றாலும் மாறிவிடும். ஆளுக்கு ஆள் கணக்கு வேறு. அதனால் பக்கத்து மனைக்காரர் என்ன விலைக்குக் கொடுத்தார் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

யார் இந்த ரொக்கக்காரர்கள்

என் அனுபவத்தில் ஆகச் சிறந்த ரொக்கக்காரர் பக்கத்து மனைக்காரர்தான். அவர் வீட்டுக்கு மாடுகட்ட, கார் நிறுத்த, பிள்ளைக்கு ஒரு வீடு கட்ட உங்கள் இடம்தான் அவருக்கு வேண்டும். ஊரில் வேறு யாருக்கும் அந்த இடம் அவ்வளவு பெறாது. போர்டு மாட்டுவதற்கு முன் நான்கு பக்கத்துக் காம்பவுண்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கள் மனை கடைசியில் போனது கிழக்குப் பக்கத்து விசைத்தறிக்காரருக்குத்தான். பத்து வருடமாகக் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தார், கேட்க எங்களுக்குத்தான் தோன்றவில்லை.

அடுத்தது லேஅவுட் போடுபவர்கள், அதாவது பெரிய நிலத்தை வாங்கி மனைகளாகப் பிரித்து விற்பவர்கள். ஏக்கர் கணக்கில் இடம் இருந்தால், அதுவும் தார் ரோட்டை ஒட்டி இருந்தால், இவர்கள் வருவார்கள். பாதை விட்டது, பூங்காவுக்கு ஒதுக்கியது, அப்ரூவல் செலவு எல்லாம் போக மிச்சத்தில்தான் லாபம் என்பதால் சென்ட் விலையை அடித்துத்தான் கேட்பார்கள். அதில் ஒரு நியாயம் உண்டு. அப்புறம் நகை போடுவதுபோல நிலத்தில் பணத்தைப் போட்டுவைக்கும் வியாபாரிகள். செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் இப்படிப்பட்டவர்கள் உண்டு. பேச்சு குறைவு, முடிவு வேகம்.

நான்காவது வகைதான் சிக்கல். இவர் ரொக்கக்காரர்போலவே பேசுவார், ஆனால் வாங்கப்போவதில்லை. உங்களோடு ஒரு கிரய ஒப்பந்தம், அதாவது இன்ன விலைக்கு இன்ன தேதிக்குள் விற்கிறேன் என்ற அக்ரிமென்ட், போட்டு, கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து, பதினோரு மாதம் கெடு எழுதிக்கொள்வார். அந்தப் பதினோரு மாதத்துக்குள் அதிக விலைக்கு ஒருவரைப் பிடித்து, உங்களை அவர் பெயருக்கு நேராகக் கிரயம் எழுதச் சொல்லி, நடுவில் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்வார். இது சட்டவிரோதம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரெடி கேஷ் என்ற பெயரில் உங்கள் சொத்தைப் பதினோரு மாதம் பூட்டுவது அது.

என் சித்தப்பாவுக்கு ஓமலூர் பக்கம் இப்படித்தான் ஆயிற்று. அக்ரிமென்ட் போட்டு நாலு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சீமைக்கருவேலம் வெட்ட ஆளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே ஒரு குடும்பமே டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தது. "யாருங்க?" என்று கேட்டால், "நாங்கதாங்க இந்த இடத்தை வாங்கறோம்" என்றார்களாம். இவருக்குப் பேசிய விலையைவிட சதுர அடிக்கு 300 ரூபாய் அதிகம். கடைசியில் அவர்களும் வாங்கவில்லை, கெடுவும் முடிந்தது. ஆனால் ஒப்பந்தம் பதிவு செய்தது. சொத்தின் மேல் பதிவானதையெல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றிதழில் அந்த வரி அப்படியே நின்றது. புதிதாக வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு, "இதை ரத்து பண்ணிட்டு வாங்க" என்றார்கள். ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அந்த மனிதர் அட்வான்ஸைப்போல இரண்டு மடங்கு கேட்டார். பேசிப் பேசி ஒன்றரைக்கு வந்து நின்றது.

கிரய ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் பதிவு செய்ய வேண்டும் என்பது 2012 சட்டத் திருத்தத்திலிருந்து உள்ள விதி. மத்திய சட்டத்திலும் 2018-ல் ஒரு மாற்றம் வந்தது. ஒப்பந்தப்படி கிரயம் செய்து கொடுக்கச் சொல்லி வாங்குபவர் வழக்குப் போட்டால், நீதிமன்றம் பொதுவாக அதை நிறைவேற்றச் சொல்லும் என்ற நிலை இப்போது. அதனால், ‘சும்மா ஒரு அக்ரிமென்ட்தானே’ என்று எதுவும் கிடையாது. உண்மையான ரொக்கக்காரருக்குப் பதினோரு மாதம் எதற்கு? முப்பது நாள், மிஞ்சிப்போனால் நாற்பத்தைந்து நாள். அதற்குமேல் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். கிரயம் யார் பெயருக்கு என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். பொது அதிகாரப் பத்திரம், அதாவது பவர், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் எனக்கு உடனே வயிறு கலங்கும். பவர் மூலம் சொத்து கைமாறிவிடாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்குபவரே பவர் கேட்கிறார் என்றால் அவர் வாங்க வரவில்லை, விற்க வந்திருக்கிறார்.

ஐந்தாவதாக ஒருவரும் உண்டு. பார்த்ததே இல்லை, போனில் மட்டும் பேசுவார். "எங்க கம்பெனி உங்க இடத்தை எடுத்துக்குது, மதிப்பீட்டுச் சான்றிதழுக்கு மட்டும் ஏழாயிரம் அனுப்புங்க" என்பார். வாங்குபவர் பணம் கொடுப்பார், கேட்க மாட்டார். போனை வைத்துவிடுங்கள்.

காகிதம்

தரகர் இல்லாமல் நேரடியாக விற்பது என்றால் கமிஷன் மிச்சம் என்று மட்டும்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். தரகர் பார்த்துக்கொண்டிருந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது என்பது அப்புறம்தான் தெரியும். அதில் பெரிய வேலை காகிதம். ரொக்கக்காரர் விலையைக் குறைப்பதற்குப் பாதி காரணம் அவசரம் என்றால், மீதிப் பாதி உங்கள் காகிதத்தில் உள்ள ஓட்டை.

முதலில் வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975-லிருந்து வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். வாங்குபவர் பார்ப்பதற்கு முன் நீங்கள் பாருங்கள். எப்போதோ அடைத்து முடித்த கூட்டுறவு வங்கிக் கடன், அடமானமாக அப்படியே நிற்கும். அடைத்தது உண்மைதான், கடன் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். அடுத்தது பட்டா. பத்திரம் உங்கள் பெயரில், பட்டா தாத்தா பெயரில் என்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். வாரிசுச் சான்று வாங்கிப் பட்டாவை மாற்றிக்கொண்டு விற்பது ஒரு விலை, "நீங்க வாங்கி மாத்திக்கோங்க" என்பது வேறு விலை. கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்ய சர்வேயர் வர வேண்டும், அதற்கான காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளவும் அப்படித்தான். பத்திரத்தில் 2,400 சதுர அடி என்று இருக்கும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கில் 2.23 ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தரையில் அளந்தால் 2,260 வரும். பக்கத்து வேலிக்காரர் ஒவ்வொரு மழைக்கும் ஒரு சாண் உள்ளே வந்திருப்பார். நில அளவைக்கு ஆன்லைனில் பணம் கட்டி, அரசு சர்வேயரை வரவழைத்து அத்துக் காட்டச் சொல்லி, நாலு மூலையிலும் கல்லைப் போட்டுவிட்டால் இந்தத் தகராறு பேரத்துக்குள் வராது. எங்கள் மனையில் தென்மேற்கு மூலைக் கல்லைத் தேடி அரை நாள் ஆயிற்று. கோரைப் புல்லுக்கு அடியில், யாரோ துணி துவைக்கப் போட்டுக்கொண்டிருந்த கல்தான் அது.

பூர்வீகச் சொத்து என்றால் அக்கா தங்கைகள் கையெழுத்து. ‘கட்டிக்கொடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு’ என்பதெல்லாம் சபையில் எடுபடும், சட்டத்தில் எடுபடாது. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பங்கு தரும் திருத்தம் வந்துவிட்டது, 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. ஒன்று, எல்லோரும் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். ரொக்கக்காரர் முதல் கேள்வியாகவே, "கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க?" என்று கேட்டால் அவர் விவரமான ஆள், பயப்பட வேண்டாம்.

மனை அங்கீகாரம் இல்லாததாக இருந்தால் அது தனிக் கதை. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குங்க" என்பது சேலம் பக்கம் எல்லோரும் சொல்வது. ஊராட்சித் தலைவர் முத்திரை போட்டுக் கொடுத்த வரைபடம் டிடிசிபி அனுமதி ஆகாது. 2016-ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுத்ததும், அடுத்த வருடம் அவற்றை முறைப்படி அங்கீகரிக்க வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் நினைவிருக்கும். 2016 அக்டோபர் 20-க்கு முன்பே வீட்டு மனையாகப் பதிவானது என்று காட்ட முடிந்தால் மறுபடி பதிவு செய்ய வழி உண்டு. ஆனால் வரன்முறை செய்யாத மனைக்கு வங்கிக் கடனும் கட்டட அனுமதியும் சுலபமில்லை. அதனால் அதை வாங்க வருபவர் பெரும்பாலும் ரொக்கக்காரராகத்தான் இருப்பார், அது அவருக்கும் தெரியும். பேரத்தில் உங்கள் கை தாழ்ந்துதான் இருக்கும்.

அரசு ஒப்படை செய்த, அதாவது அரசே ஒதுக்கிக் கொடுத்த, நிலமாக இருந்தால் விற்பதற்கு முன் பட்டாவின் பின்பக்கத்தையும் படியுங்கள். நிபந்தனைப் பட்டா என்றால் குறிப்பிட்ட காலத்துக்கு விற்க முடியாது. வெள்ளைக்காரர் காலத்தில் பட்டியல் வகுப்பினருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைப் பத்து வருடத்துக்குப் பிறகும் பட்டியல் வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். ரொக்கம் எவ்வளவு வந்தாலும் இது மாறாது. சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்குக் கல் நட்ட ஊர்களில் இன்னொரு கேள்வியும் வரும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நில எடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. உங்கள் சர்வே எண் அந்த அறிவிக்கையில் உண்டா என்று வாங்குபவர் கேட்பதற்கு முன் நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஏற்காட்டில் இடம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனதும் விதிகளும் மாறிவிடும். சேர்வராயன் மலைக் கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வருகின்றன, நினைத்த இடத்தில் கட்டடம் எழுப்ப முடியாது. சில்வர் ஓக்கையோ பலாவையோ வெட்டுவதற்குக்கூட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். வார இறுதியில் மூடுபனியைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கே அட்வான்ஸ் போடறேன்" என்று சொல்லும் பெங்களூர்க்காரரிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்துவைத்து வாங்கிய அட்வான்ஸ் நிற்காது.

ரொக்கமும் நோட்டும்

இப்போது நோட்டு விஷயம். நிலம் விற்கும்போது அட்வான்ஸோ முழுத் தொகையோ, 20,000 ரூபாய் அல்லது அதற்குமேல் ரொக்க நோட்டாக வாங்கக் கூடாது. 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டத்தில் உள்ள கட்டுப்பாடு இது. மீறினால் வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவே அபராதம். வாங்கியவருக்குத்தான், அதாவது விற்ற உங்களுக்கு. இதுபோக, எந்தப் பரிவர்த்தனையாக இருந்தாலும் 2 லட்சமோ அதற்குமேலோ நோட்டாக வாங்கக் கூடாது என்ற பொது விதி 2017 ஏப்ரலில் வந்தது. நாலு நாளாகப் பிரித்துக் கொடுத்தாலும் ஒரே விற்பனை ஒரே விற்பனைதான். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கும், விஷயம் மாறவில்லை. 2 லட்சத்துக்குமேல் நோட்டாகக் கைமாறியது தெரிந்தால் பதிவு அலுவலர்கள் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆக, வெற்றிலை பாக்குத் தட்டில் பத்தாயிரத்து ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சந்தோஷம். மீதி எல்லாம் வங்கி வழியாக.

"கைடுலைன் வேல்யூவை மட்டும் பத்திரத்துல போட்டுக்கலாங்க, மீதி கையில வாங்கிக்கோங்க" என்று ஒரு குரல் கண்டிப்பாக வரும். கைடுலைன் வேல்யூ என்பது பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. வாங்குபவருக்கு இதில் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் மிச்சம், இரண்டும் சேர்த்து 9 சதவீதம். உங்களுக்கு என்ன மிச்சம்? கணக்கில் காட்ட முடியாத நோட்டு. அதை வைத்து நாளைக்கு நீங்கள் வீடு வாங்கப் போனால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. 2016 நவம்பர் 8 இரவு நினைவிருக்கும் யாருக்கும் இதற்குமேல் விளக்க வேண்டாம்.

வழிகாட்டி மதிப்பு இன்னொரு வகையிலும் முக்கியம். அவசரத்துக்காக அதைவிடக் குறைந்த விலைக்கு விற்றால், வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டும்போது வருமான வரித்துறை வழிகாட்டி மதிப்புக்கே விற்றதாக வைத்து வரி கேட்கும். உங்கள் கைக்கு வராத பணத்துக்கு வரி. அதனால் ரொக்கக்காரர் எவ்வளவு கீழே இழுத்தாலும் ஒரு தரை உண்டு. உங்கள் தெருவுக்கு அது எவ்வளவு என்று பதிவுத்துறை தளத்தில் பார்த்துவிட்டுப் பேசப் போங்கள்.

வரி என்றதும் நினைவுக்கு வருவது, இரண்டு வருடத்துக்குமேல் வைத்திருந்து விற்றால் அது நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம். அதற்கு முன் வாங்கிய நிலமாக இருந்தால், பணவீக்கக் கணக்குப் போட்டு 20 சதவீதம் கட்டும் பழைய முறையில் வரி குறைந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். 2009-ல் 3 லட்சத்துக்கு வாங்கி இப்போது 22 லட்சத்துக்கு விற்றால், ஆதாயம் 19 லட்சம், வரி 2,37,500. இந்த உதாரணத்தில் பழைய முறையில் போட்டால் இன்னும் அதிகம்தான் வரும். விற்ற பணத்தில் வீடு வாங்கினாலோ கட்டினாலோ, ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட பொதுத்துறை நிறுவனங்களின் கடன் பத்திரங்களில் போட்டாலோ விலக்கு கிடைக்க வாய்ப்பு உண்டு. நிபந்தனைகள் நிறைய, ஒரு ஆடிட்டரிடம் ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்துக் கேட்பது லாபம்.

விவசாய நிலத்துக்கு மட்டும் ஒரு சுவாரசியமான கோடு உண்டு. கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியே கிடையாது. எது கிராமப்புறம்? பக்கத்து நகராட்சி, மாநகராட்சியின் எல்லையிலிருந்து நேர்க்கோட்டுத் தூரத்தை வைத்துச் சொல்கிறார்கள். மக்கள்தொகை ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சி 8 லட்சத்து 29 ஆயிரம் சொச்சம். ஆகவே மாநகராட்சி எல்லையிலிருந்து பறவை பறக்கும் தூரத்தில் 6 கிலோமீட்டருக்கு உள்ளே இருக்கும் சோளக்காடு வரிக்குள் வரும், வெளியே இருப்பது வராது. பக்கத்தில் பத்தாயிரம் பேருக்குமேல் உள்ள சின்ன நகராட்சியோ பேரூராட்சியோ இருந்தால் அதற்குத் தனியாக 2 கிலோமீட்டர். பஸ் போகும் தூரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஏமாறாதீர்கள்.

விலை 50 லட்சமோ அதற்குமேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார். நாலு பேர் சேர்ந்து விற்று, ஆளுக்குப் பதினைந்து லட்சம் என்றாலும் மொத்தம்தான் கணக்கு. அந்த ஒரு சதவீதம் எங்கும் போய்விடாது, உங்கள் பான் எண்ணில் வரவாகும்.

பதிவு நாள்

பத்திர எழுத்தர் தயாரித்த வரைவை முந்தின நாளே வாங்கிப் படியுங்கள். நான்கு எல்லை, சர்வே எண், அளவு, தொகை, பணம் வந்த விதம், இந்த ஐந்தையும் விரல் வைத்துப் படிக்க வேண்டும். எங்கள் வரைவில் வடக்கும் தெற்கும் மாறியிருந்தது. விசைத்தறிக்காரர்தான் கண்டுபிடித்தார்.

பணம் எப்போது? கையெழுத்துக்கு முன். இதில் கூச்சமே வேண்டாம். டிடி என்றால் அதன் நகலை முந்தின நாளே வாங்கி, கொடுத்த வங்கிக் கிளையில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆர்டிஜிஎஸ் என்றால் 2020 டிசம்பரிலிருந்து இருபத்துநான்கு மணி நேரமும் போகிறது, ‘பேங்க் லீவு’ என்ற சாக்கு செல்லாது. அலுவலக வாசலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போனில் வரவு மெசேஜ் வந்ததும் உள்ளே போகலாம். செக் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் அது திரும்பி வந்தால் பத்திரம் தானாக ரத்தாகிவிடாது. பணத்துக்கு நீங்கள்தான் வழக்குப் போட்டு அலைய வேண்டும்.

அதுவரை அசல் பத்திரங்கள் உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது. பார்க்கக் கேட்பவர்களுக்கு நகல் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ‘பார்வைக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். ஆள்மாறாட்டம் செய்பவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஒரு சுத்தமான ஜெராக்ஸ்தான்.

உள்ளே போனால் போட்டோ, கைரேகை, இரண்டு சாட்சி, எல்லாம் இருபது நிமிடம். அம்மாவுக்குக் கட்டைவிரல் ரேகை மிஷினில் விழவே இல்லை, அம்பது வருடம் பாத்திரம் துலக்கிய கை. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஆறாவது தடவை விழுந்தது. வெளியே வந்ததும் பதிவான பத்திரத்தின் நகலை ஒன்று உங்களுக்கும் வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த ஜூலையில் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது தேடுவீர்கள். காலி மனை வரி, மின் இணைப்பு ஏதாவது உங்கள் பெயரில் இருந்தால் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள். பட்டா மாறியதா என்று ஒரு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். எங்களுடையது மாறியிருந்தது. அந்தக் கயிற்றுக் கட்டில் மட்டும் அதே இடத்தில்தான் கிடக்கிறது என்று போன வாரம் அந்தப் பக்கம் போன அம்மா சொன்னார்.